வலது முன்சக்கரத்தின் கீழ் போல்ட்

ஒடிந்த போல்ட்டை எடுப்பதைப் போல வயிற்றெரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. எவனோ ஒரு தடியன் தன் பலத்தையெல்லாம் காட்டித் திருகி ஒடித்துவிட்டுப் போயிருப்பான். அதைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நோண்டி எடுப்பது இன்னொருவர் தலையெழுத்து. எடுத்துக் கொடுத்தால், இதில் என்ன இருக்கிறது என்பார்கள். எடுக்க முடியாமல் போனாலோ, ஒடித்தவனை விட்டுவிட்டு எடுக்கப் போனவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வேலையில்தான் அவள் பெயர் வாங்கியிருந்தாள். சுற்றியுள்ள கார் பட்டறைக்காரர்கள் எல்லாம் அவளைப் பல்டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேரோடு மாட்டிக்கொண்ட பல்லை அசைத்து அசைத்து எடுப்பதுபோல எடுக்கிறாளாம். "எஞ்சின்ல ஒண்ணு ஒடஞ்சு உள்ள நிக்குது, பல்டாக்டரக் கூப்பிடு" என்பார்கள். அவளும் தன் சின்ன இரும்புப் பெட்டியோடு போய்ச் சேருவாள். பட்டறை அவள் வீட்டுக்காரருடையது. முன்னால் நின்று வண்டிக்காரர்களிடம் பேசுவது அவர், பின்னால் உட்கார்ந்து மல்லுக்கட்டுவது அவள்.

ஒரே ஒரு நிபந்தனை. கழற்றிக் கொடுப்பாள், மாட்டித் தர மாட்டாள். நாலு வருஷமாக அவள் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கியதில்லை. "முடுக்கறதெல்லாம் எங்க வீட்டுக்காரரு வந்து பாத்துக்குவாரு" என்று பெட்டியை மூடிவிடுவாள். தன் கையின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. வீட்டில் காஸ் அடுப்பை மூடிவிட்டு வந்தால்கூட மனசு ஆறாது. "மூடினேனான்னு ஒரு தடவ பாருங்களேன்" என்று வீட்டுக்காரரை அனுப்புவாள். அவரும் சலித்துக்கொள்ளாமல் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூடித்தாம்மா இருக்கு" என்பார். எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் தம்பியின் விபத்தோடு வந்த வினை. தம்பி அவளைவிட எட்டு வயது சின்னவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். பஸ் டிரைவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தன் காரை பிரேக் வேலைக்குக் கொண்டுவந்து விட்டான். வேலை முழுவதையும் அவளே பார்த்தாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுபோய் அவனிடம் ஒப்படைத்தார். மூன்றாம் நாள் ஒரு வளைவில் வலது முன்சக்கரம் திடீரென்று கவ்விக்கொண்டு நின்றுபோக, வண்டி பக்கவாட்டுச் சுவரில் போய் மோதியது. தம்பியின் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

வண்டியை இழுத்துவந்து தம்பி வீட்டு முற்றத்தில் போட்டார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் அவள் வீட்டுக்காரர்தான். சக்கரத்துக்குள் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்க மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போல்ட் இருக்கும். கீழ் போல்ட்டைக் காணவில்லை. "கழண்டு விழுந்திருக்கு. சரியா முடுக்கல போல" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "யாருக்கும் நடக்கறதுதான். விடு" என்றார். அந்த 'விடு' என்ற ஒரு சொல்லுக்காக அவள் இந்த நாலு வருஷமும் அவருக்கு நன்றியோடு இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தம்பி பெண்டாட்டி எல்லார் எதிரிலும் அவளைக் கேட்டாள். "உங்க கை விளங்குமா அண்ணி? சொந்தத் தம்பி வண்டின்னு தெரிஞ்சும் ஒரு போல்ட்ட ஒழுங்கா முடுக்கத் தெரியலயா?" தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்கு மூடிய வாய்தான். போன் எடுப்பதில்லை, வீட்டுக்குப் போனால் கதவு திறப்பதில்லை. வீட்டுக்காரரோடும் பேசுவதில்லை என்றுதான் அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

அந்தக் காலோடு இனி பஸ் ஓட்ட முடியுமா? பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவனை உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று அறிவிக்கிற வேலை. இது தெரிந்ததிலிருந்து புதன்கிழமைதோறும் அவள் பஸ் நிலையத்துக்குப் போவாள். எங்கேயும் போவதற்கில்லை. தூணோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "மூணாவது இடத்துல நிக்கிற வண்டி இன்னும் அஞ்சு நிமிஷத்துல கெளம்பும்" என்று ஒலிபெருக்கியில் வருகிற குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சளி பிடித்திருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் ஒரு தடவை 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். மன்னிக்கக்கூட வேண்டாம், திட்டுவதற்காகவாவது கூப்பிட்டால் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, நான்தான். வீடு மாத்தறோம். அந்தக் கார எடுத்துட்டுப் போக பழைய இரும்புக்காரரு வந்தாரு. வலது பக்கச் சக்கரம் அசையவே மாட்டேங்குது, உருட்டினாதான் எடுப்பேங்கறாரு. ரெண்டு மெக்கானிக் வந்து பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, பல்டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கன்னுட்டுப் போய்ட்டாங்க."

"நான் வர்றது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு ரெண்டு மணி வரைக்கும் டூட்டி. அதுக்குள்ள முடிச்சிட்டுக் கெளம்பிடுங்க."

வீட்டுக்காரர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "ஒரு எடத்துல போல்ட் மாட்டிக்கிச்சாம், போய்ட்டு வரேன்" என்றாள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பி வீடு என்று சொல்லி, போகாதே என்று அவர் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அவர் தடுப்பார் என்று ஏன் தோன்றியது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

தம்பி வீட்டு முற்றத்தில் கார் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அவள் தார்ப்பாயை விலக்கினாள். நசுங்கிய முகப்பு நாலு வருஷம் முன்பு பார்த்தது பார்த்தபடி இருந்தது. தம்பி பெண்டாட்டி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். குசலம் விசாரிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். வந்துபோன மெக்கானிக் புண்ணியவான்கள் மேல் போல்ட்டின் தலையை வழித்து மொட்டையடித்து வைத்திருந்தார்கள். பிடிமானத்துக்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை. "கட்டையில போறவனுங்க. தெரியலன்னா தொடாம இருக்கறதுக்கென்ன?" என்று முணுமுணுத்தபடி பெட்டியைத் திறந்தாள்.

துருப்பிடித்த போல்ட்டோடு சண்டை போடக் கூடாது என்பது அவள் கட்சி. எண்ணெய் விட்டாள். சின்ன காஸ் டார்ச்சின் தீயால் சுற்றிலும் சூடுகாட்டினாள். தொப்பி மாதிரிக் கவிகிற சாக்கெட்டில் அளவு கொஞ்சம் குறைந்த ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தலைமேல் இறுக்கி ஏற்றினாள். அப்புறமும் இழுத்துவிடவில்லை. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. கால்மணி நேரம் கெஞ்சலும் கொஞ்சலுமாகப் போனபின், போல்ட் 'கிறீச்' என்று ஒரு சத்தத்தோடு இறங்கிவந்தது. பிரேக்கைத் தட்டி வெளியே எடுத்தாள். நாலு வருஷமாகச் சிக்கியிருந்த, சக்கரத்தைத் தாங்கும் வட்டத்தகடு கைபட்டதும் சுற்றியது.

வேலை முடிந்தது. அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கீழ் ஓட்டையை அவள் இதுவரை பார்த்ததேயில்லை. அன்றைக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை, வீட்டுக்காரர் சொன்னதோடு சரி. தன்னை இந்தப் பாடு படுத்திய ஓட்டையை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதன் வாயில் கிரீசும் மண்ணும் காய்ந்து அடைத்திருந்தது. திருப்புளியால் குத்தினாள். போல்ட் கழன்று விழுந்த ஓட்டை என்றால் திருப்புளி ஒரு விரல் நீளம் உள்ளே போக வேண்டும். போகவில்லை. வாயிலேயே இரும்பில் இடித்து நின்றது.

அவள் துணியால் துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தாள். ஓட்டை காலியாக இல்லை. போல்ட்டின் உடம்பு உள்ளேயே இருந்தது, தலை மட்டும்தான் இல்லை. அப்படியென்றால் கழன்று விழவில்லை, ஒடிந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் இதோடு குழம்பியிருப்பார்கள். இவள் பத்து வருஷமாக ஒடிந்த இரும்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறவள். ஓடி ஓடித் தேய்ந்து ஒடிந்ததற்கு ஒரு முகம், அளவுக்கு மீறித் திருகி ஒடித்ததற்கு ஒரு முகம். திருகி ஒடித்ததில் தலைச்சுழி மாதிரி ஒரு சுழி விழுந்திருக்கும். இதில் சுழி இருந்தது. சுழியின் மேல் சாம்பல் நிறத்தில் எதுவோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகுமே, அந்த இரும்புப் பசை. பட்டறை அலமாரியில் மேல்தட்டில் எப்போதும் இருக்கும்.

கழற்றிய பிரேக்கைப் புரட்டி, கீழ் போல்ட்டின் தலை உட்கார்ந்திருந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். முடுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது அவள் வழக்கம். போல்ட் பின்னால் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தலையோடு பாதிக் கோடு போய்விட்டது, மீதிப் பாதி இங்கே இருக்க வேண்டும். இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பாதிக் கோடும் இருந்தது. ஒரு போல்ட்டுக்கு அவள் இரண்டு கோடு போட்டதாகச் சரித்திரமே கிடையாது.

அடுத்தடுத்திருந்த இரண்டு கோட்டின்மேலும் அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவள் முடுக்கி முடித்த வண்டியை வெளியே விடுவதற்கு முன்னால், ஸ்பானரின் வாலில் ஒரு நீளக் குழாயை மாட்டி ஒவ்வொரு போல்ட்டையும் இன்னொரு இழுப்பு இழுப்பார். "ஆம்பள கை ஒரு தடவ பட்டாதான் எனக்குத் திருப்தி" என்பார். அளவு வைத்த ஸ்பானரில் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை முடுக்கியதை மறுபடி இழுத்தால் இரும்பு என்ன ஆகும்? அவள் சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் அவர் அந்தக் குழாயை அவள் கண்முன்னாலேயே பழைய இரும்போடு போட்டார். இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியமும் செய்தார். தம்பி கார் வருவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அது.

அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. இழுத்திருக்கிறார், ஒடித்திருக்கிறார். ஒடிந்ததை எடுக்கத் தெரிந்தவள் வீட்டிலேயே இருக்கிறாள், ஆனால் அவளிடம் சொன்னால் சத்தியம் என்ன ஆவது? தலையைப் பசைபோட்டு ஒட்டி, அவள் போடுவது மாதிரியே ஒரு வெள்ளைக் கோட்டையும் இழுத்து வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். விபத்துக்குப் பிறகு ஓட்டையில் கிரீசை அப்பி மூடிவிட்டு, சரியா முடுக்கல போல என்று சொல்லியிருக்கிறார். நாலு வருஷம். காஸ் மூடியிருக்கா என்று அவள் கேட்டபோதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாரே, என்ன முகத்தோடு பார்த்துவிட்டு வந்தார்?

போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்க? இன்னும் காணோமே."

"தம்பி வீட்டுல."

"அங்க எதுக்குப் போன?"

"கார எடுக்கணுமாம். சக்கரம் ஜாமாயிருக்குன்னு கூப்பிட்டாங்க" என்றாள்.

"சரி… மேல் போல்ட்ட மட்டும் எடுத்துக் குடுத்துட்டு வந்துடு. கீழ ஒண்ணும் தொடாத."

"கீழ தொடறதுக்கு என்னங்க இருக்கு? அதுதான் கழண்டு விழுந்துடுச்சே."

"இல்ல, சும்மாதான் சொன்னேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுவதற்கு இப்போது நேரமில்லை. இந்தத் துண்டு அவளுக்கு வேண்டும். தம்பி கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பாருடா, நான் இல்லடா என்று சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால், பழியை இப்போது புருஷன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைப்பான். இரும்பைப் பார்த்தால் நம்புவான். அவனும் வண்டி ஓட்டிப் பிழைத்தவன்தானே.

ஆனால் சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒடிந்த போல்ட்டை எடுக்கிறவர்கள் முதல் காரியமாக அதன் நடுவில் துளை போடுவார்கள். அப்புறம் அந்தத் துளைக்குள் எதிர்ப்புரியுள்ள ஓர் ஆணியை இறக்கித் திருகி எடுப்பார்கள். அரைமணி நேர வேலை. துளை போட்ட மறுநிமிஷம் சுழியும் போகும், பசையும் போகும். அப்புறம் வெளியே வருவது வெறும் இரும்புத்தூள், அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது? முகத்தில் ஒரு கீறல் விழாமல் எடுக்க வேண்டும். மணி பதினொன்றே கால்.

கூரான சின்ன உளி ஒன்றை எடுத்து விளிம்பில் மட்டும் வைத்தாள். இடது பக்கமாகத் தள்ளுகிற மாதிரிச் சாய்த்து, சுத்தியலால் மெல்லத் தட்டினாள். அசையவில்லை. சூடுகாட்டினாள். சூட்டோடு ஒரு மெழுகுத் துண்டை விளிம்பில் வைத்தாள். மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கியது. மறுபடி தட்டினாள். டார்ச்சின் தீ முகத்தில் பட்டால் பசை கருகிவிடும் என்று ஈரத்துணியைச் சின்னதாக மடித்து அதன்மேல் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். துணி காயக் காயச் சொம்பிலிருந்து நனைத்தாள். விரல் இரண்டும் வெந்துபோயின.

"அண்ணி, வேல முடிஞ்சிடுச்சுன்னு பாத்தேன். இன்னும் என்ன பண்றீங்க?" என்று தம்பி பெண்டாட்டி படியிலிருந்து கேட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"அவரு வந்துடுவாரு அண்ணி."

"வரட்டும்."

பன்னிரண்டே காலுக்கு அது அசைந்தது. கண்ணுக்குத் தெரிகிற அசைவு இல்லை, உளியைப் பிடித்த கைக்கு மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஒரு தட்டு, ஒரு சொட்டு எண்ணெய். ஒரு தட்டு முன்னால், கொஞ்சம் பின்னால். இரண்டு சுற்று வந்ததும் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டது. விரல்நுனியால் பிடித்துச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். சுண்டுவிரல் நீளம் இருந்தது. சுழி அப்படியே இருந்தது, சாம்பல் பசை அப்படியே இருந்தது. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக ஒரு போல்ட்டை எடுத்ததில்லை. இனி எடுக்கவும் போவதில்லை.

அப்போதுதான் வாசலில் வாடகை வண்டி ஒன்று வந்து நின்றது. தம்பி இறங்கினான். மணி ஒன்றுகூட ஆகவில்லை. ஊன்றுகோலை எட்டி எட்டி ஊன்றி வருகிற அவசரத்தில் படியில் தடுமாறினான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கூண்டுக்குள் இருந்ததால் அவளுக்கு இது தெரியவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "திட்டறதுன்னா அப்புறம் திட்டு. மொதல்ல இதப் பாரு. கழண்டு விழலடா. உள்ளயே இருந்துச்சு. யாரோ குழாய் போட்டு இழுத்து ஒடிச்சிருக்காங்க, ஒடிச்சிட்டு ஒட்டவெச்சிருக்காங்க. இந்தச் சாம்பக் கலரப் பாரு. நான் சரியாத்தான்டா முடுக்கினேன்."

அவள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"மாமா போன் பண்ணாரு" என்றான்.

"பண்ணட்டும். நீ இதப் பாரு. இந்தச் சுழி…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மாமாவா? உனக்கா?"

அவன் தலையாட்டினான்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே."

"அக்கா" என்றான்.

அவள் நாலு வருஷமாகக் காத்திருந்த சொல். வந்துவிட்டது. வந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்ப மாட்டேன் என்று உடம்பு அடம் பிடித்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஆஸ்பத்திரியில. மூணாம் நாள். கட்டில் கால்ல தலய வெச்சு அழுதாருக்கா. அடுத்த வாரம் வண்டிய வாங்கிச் சரி பண்ணிடலாம்னு இருந்தாராம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுன்னு அழுதாரு."

"அழுதாரு. நீ என்ன சொன்ன?"

"நான் என்னக்கா சொல்றது? உனக்குத் தெரிஞ்சா அவரோட ஒரு நாள்கூட இருக்க மாட்ட. பட்டற அவரோடது, வீடு அவரோடது. நீ எங்க போவ? உன்னக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கற நெலமையிலயா நான் இருந்தேன்? ரெண்டு பேரும் யோசிச்சுதான் முடிவு பண்ணோம். நீ தாங்கிக்குவன்னு நெனச்சோம்."

"நெனச்சோம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எங்கிட்டப் பேசாம இருந்ததும் யோசிச்சு முடிவு பண்ணதுதானா?"

"உன் மூஞ்சியப் பாத்தா சொல்லிடுவேன்னு பயம். பேசாம இருந்தாதான் மறைக்க முடியும்னு…" அவன் கோலை மாற்றிப் பிடித்தான். "நீ புதன்கிழம புதன்கிழம வந்து தூண்கிட்ட ஒக்காருவ. கண்ணாடி வழியாத் தெரியும். அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காதுக்கா."

"பாத்துட்டுத்தான் இருந்தியா?"

"மாமாகிட்டயும் சொல்லுவேன். ஞாயித்துக்கிழம பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்க வருவாரு. ரெண்டு பேரும் உன்னப் பத்தியேதான் பேசிட்டிருப்போம்."

ஞாயிற்றுக்கிழமை. உதிரிபாகம் வாங்கப் போகிறேன் என்று அவர் கிளம்புவார். அவள் அவருடைய சட்டையை எடுத்துக் கொடுப்பாள். இரண்டு ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்தபடி அவளுக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் காலைக் கெடுத்தவர், இன்னொருவன் கால் கெட்டவன். இரண்டு பேரும் சமாதானமாகி, பழியை மட்டும் பத்திரமாக அவளிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். துண்டு போல்ட் அவள் கையில் இன்னும் சூடாக இருந்தது. இதை முகம் கெடாமல் எடுக்க விரலைச் சுட்டுக்கொண்டாள். யாரிடம் காட்ட எடுத்தாளோ அவனுக்கு இது பழைய செய்தி.

"நீ எங்கிட்டப் பேசாம இருந்த வரைக்கும் எனக்கு ஒரு தம்பி இருந்தான்டா" என்றாள். குரல் உயரவில்லை. "கோவமா இருக்கான், அவன் கோவத்துல நியாயம் இருக்கு, என்னிக்காவது ஆறும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"அக்கா, உன் நல்லதுக்குத்தான்…"

"எனக்கும் சொல்லலயே" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

தம்பி பெண்டாட்டி படியை விட்டு இறங்கி வந்திருந்தாள். அவள் தன் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணியப் பாத்து ஆஸ்பத்திரியில என்னென்ன பேசினேன். அதுக்கப்புறமும் எத்தன பேருகிட்டப் போய்ச் சொன்னேன். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. கேட்டுட்டுதானே இருந்தீங்க."

அவன் தரையைப் பார்த்தான்.

பல்டாக்டர் உளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். டார்ச்சை வைத்தாள். சுத்தியலை வைத்தாள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில்தான் வைத்தாள், பழகிய கைக்கு வேறு மாதிரி வைக்கத் தெரியவில்லை. கைப்பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நீ எங்க போவ என்று இரண்டு பேரும் நாலு வருஷம் முன்னால் கேட்டுக்கொண்ட கேள்விக்கு அவள் இன்றைக்குத்தான் பதில் தேட வேண்டியிருந்தது. அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே தேடியிருப்பாள். நாலு வயது குறைவாக இருந்திருப்பாள்.

பெட்டியைத் தூக்கப் போனவள், உள்ளங்கையில் துண்டு போல்ட் இன்னும் இருப்பதைப் பார்த்தாள். தம்பியைக் கடந்து போய், அவன் பெண்டாட்டியிடம் நீட்டினாள்.

"இந்தக் கதை தெரியாம இருந்தது நீயும் நானுந்தான். நீ பாரு."

தம்பி பெண்டாட்டி இரண்டு கையாலும் வாங்கினாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு துருப்பிடித்த இரும்பு, அவ்வளவுதான்.

"எங்க பாக்கணும்னு சொல்லுங்க அண்ணி" என்றாள்.

பல்டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தாள். பின்னால் தம்பி மறுபடியும் "அக்கா" என்றான். இரண்டு பேரும் திரும்பவில்லை. தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்து வெளிச்சம் படுகிற பக்கமாகத் திருப்பி, "முகத்துல ஒரு சுழி தெரியுதா? அங்கேர்ந்து ஆரம்பி" என்று விரல்நுனியால் தொட்டுக் காட்டினாள்.